மொட்டை போடாத ஒரே ஆள்

எனக்குச் சந்தேகப் புத்தி. கடைக்காரர் எடை போடும்போது தராசு முள்ளைத்தான் பார்ப்பேன், அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். பால்காரம்மா தண்ணீரே கலக்கவில்லை என்று சத்தியம் செய்தால், இன்றைக்குக் கூடவே கலந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிடுவேன். தெரிந்தவர்கள் கேலி செய்கிறார்கள்; செய்துவிட்டுப் போகட்டும். யாரும் பிறக்கும்போதே இப்படிப் பிறப்பதில்லை. இந்தப் புத்தி எனக்கு எந்த மாதத்தில், எந்தத் தெருவில் வந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

சுதந்திரம் கிடைத்து ஆறு மாதம்கூட நிரம்பவில்லை. தை மாதம், வெள்ளிக்கிழமை. தில்லியில் மாலைப் பிரார்த்தனைக்கு நடந்துபோன அந்தக் கிழவரை, கும்பிட்டபடி எதிரே வந்த ஒருவன் நெஞ்சிலே சுட்டுவிட்டான். கிழவரின் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயர் தெரியாதவர்கள் இந்த நாட்டில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நாங்கள் அப்போது இராஜபாளையத்தில், நூல் மில்லுக்குப் பின்பக்கம் இருபது வீடுகள் எதிரெதிராக நிற்கும் குறுகலான தெரு ஒன்றில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மில்லில் பிட்டர். எனக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லை என்பது ஊர் சொல்வது. மூன்று தங்கி மூன்றும் கலைந்ததை நானும் அவரும் மட்டுமே அறிவோம். முதல் இரண்டுக்கும் காரணம் தெரியாது. மூன்றாவதுக்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். நான் இரண்டு மாதமாக இருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் வன்னியம்பட்டியில் அவருடைய அப்பா இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் மனைவி மாசமாக இருந்தால் புருஷன் தலையிலும் முகத்திலும் கத்தி படக்கூடாது, பாடையும் தூக்கக்கூடாது. ஆனால் நான் மாசமாக இருப்பதை நாங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மூத்த மகன் அவர். சாவு வீட்டில் அத்தனை பேர் நடுவில் உட்காரவைத்து, மீசையையும் சேர்த்து மழித்துவிட்டார்கள். நாலாம் நாள் எனக்குப் போய்விட்டது. "நாந்தான் கொன்னுட்டேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எனக்கு அந்த வழக்கத்தில் முழு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. நம்பாமல் இருந்து பார்க்கும் துணிச்சலும் இல்லை.

அந்தத் தை மாதத்தில் நான் நாலாவது முறையாக மாசமாக இருந்தேன். மூன்றாம் மாதம் பிறந்திருந்தது. இந்தத் தடவை நாங்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டோம். வயிறு தானாகத் தெரிகிறவரை ஒரு குஞ்சுக்கும் மூச்சு விடுவதில்லை, கண்ணேறு பொல்லாதது. பிள்ளை பிறக்கிறவரை அவர் தலையில் கத்தி படுவதில்லை. விஷயம் தெரிந்த வெளியாட்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவும் ஒரு நர்ஸம்மாவும் மட்டும்தான். வைத்தியத்துக்குச் சொல்வது சொல்வதில் சேராது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ரயில் குலுங்கினால் எனக்கு ஆகாது என்பதால், வார லீவு நாளில் அவரே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், கறுப்பு டானிக் பாட்டிலை வாங்கி, துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு வருவார். இத்தனை பத்திரமாக ஒளித்ததே பின்னால் எங்களுக்கு எமனாக வந்தது.

சேதி விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தது. கடைத்தெரு வாசகசாலையில் ரேடியோ முன்னால் நின்றுவிட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். பெண்கள் அவர்களிடம் முதலில் கேட்டது, "யாரு சுட்டது?" என்றுதான். அது தெரிகிறவரை எங்கள் தெருவில் ஒருத்தியும் வாய்விட்டு அழவில்லை. அழுவதற்கு முன்னால் யார்மேல் கோபப்படுவது என்று தெரிய வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த இரண்டு முஸ்லிம் வீடுகளில் உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு, சுட்டவன் ஓர் இந்து என்று ரேடியோவிலேயே சொன்னதும் அந்தக் கதவுகள் திறந்தன. அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், அந்தக் கூட்டத்துக்கு நம் பக்கத்தில் ஆள் யார் யார் என்று பேச்சு வளர்ந்தது. சுட்டவனை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டார்கள். எங்கள் தெரு மட்டும் அவனை எங்கள் தெருவிலேயே தேட ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. சின்ன வயதில் ஒரு கூட்டத்தில் இடிபட்டு மிதிபட்டு அந்தக் கிழவரைத் தூரத்தில் பார்த்தவர் அவர். என்ன பேசினார் என்று கேட்டால், "ஒண்ணும் கேக்கல. ரெண்டு காதும் நல்லாத் தெரிஞ்சது" என்பார். இதை நூறு தடவையாவது எனக்குச் சொல்லியிருப்பார். அன்று சுவரோரம் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்த்தது நான் ஒருத்திதான்.

மூன்றாம் நாள் காலையில் தெருமுனை வேப்பமரத்தடியில் கிழவரின் படத்தை நாற்காலியில் வைத்து மாலை போட்டார்கள். "பெத்த தகப்பன் செத்த மாதிரிதான், எல்லாரும் மொட்டை போடணும்" என்று முதலில் சொன்னது யார் என்று தெரியாது. இரண்டு நாவிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் வரிசையாகத் தலையைக் கொடுத்தார்கள். மீசை வளர்ப்பதே பிழைப்பாக வைத்திருந்த மேஸ்திரிகூட மீசையை இழந்தார். மழித்த தலைகளோடு அவர்கள் கிணற்றடிக்குப் போய்க் குளித்தபோது நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். பொய்யில்லை, உண்மையாகவே அது பெரிய துக்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. அவர் எழுந்து நின்றார். உட்காரவில்லை.

"எனக்கு வேண்டாம்" என்றார்.

"ஏன், ஒனக்கு மட்டும் அவிய தகப்பன் இல்லையோ?" என்று மேஸ்திரி கேட்டார்.

பழனிக்கு நேர்ந்துவிட்ட முடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பழனிக்கு நேர்ந்த முடியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஆனால் சாமி பேரில் பொய் சொன்னால் அதுவும் வயிற்றுப் பிள்ளைமேல்தான் வந்து விடியும் என்று பயந்துவிட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பொய் சொன்னால் எப்படியிருக்கும்? "தலையில புண்ணு" என்றார். பின்னால் நின்ற நாவிதர், நல்ல மனுஷர், அக்கறையாக முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, "புண்ணு ஒண்ணும் இல்லையே" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் போதும் என்று ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் வந்துவிட்டார். வாசலில் நின்ற எனக்கு அத்தனை மொட்டைத் தலைகளும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது தெரிந்தது.

மறுநாள் மில்லில் அவரோடு யாரும் பேசவில்லை. பஞ்சுத் தூசி எல்லாருடைய மொட்டையிலும் மாவு தூவியதுபோல ஒட்டிக்கொண்டிருக்க, அந்த ஷிப்டில் முடி இருந்த தலை இவருடையது ஒன்றுதான். டீக்கடையில் இவர் போய் நின்றதும் பேச்சு நின்றது. குழாயடியில் எனக்கும் அதேதான். நான் குடத்தை வைத்தால் முன்னால் நின்றவள் பேசாமல் ஒதுங்கி இடம் விட்டாள். எனக்கு இடம் விட்டுப் பழக்கமில்லாத குழாயடி அது. சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

எங்களுக்கு நேர் எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். உறவில்லை; என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அதனால் அக்கா. அவளுடைய வீட்டுக்காரரும் எங்கள் மில்தான். அந்த அக்கா என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, ஒம் புருசன் வாரா வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எதுக்குப் போறாரு?" என்று கேட்டாள்.

"வன்னியம்பட்டியில அத்தை இருக்காவல்ல, பாக்கப் போறாரு."

"அங்க போறதுன்னா அந்தக் கம்பு சுத்துற பயலுவ தெருவுக்கு எதுக்குப் போகணும்? எங்க வீட்டுல உள்ளவிய பாத்திருக்காவ."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் குறுக்குவழியில் ஒரு தெரு. அங்கே ஒரு மைதானத்தில் சில இளவட்டங்கள் காலையில் கம்பு சுற்றிப் பயிற்சி செய்வார்கள். சுட்டவனோடு சேர்த்துப் பேசப்பட்ட அந்தக் கூட்டத்துக்கு அப்போது தடை போட்டு, அதிலிருந்து இரண்டு பேரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தது. என் வீட்டுக்காரர் துண்டுக்குள் எதையோ சுருட்டிக்கொண்டு அந்தத் தெருவில் வேகமாக நடந்ததை அக்காவின் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். பார்த்தவருக்கு அந்தத் தெருவில் என்ன வேலை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போதென்றால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

அந்த நிமிஷமே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். அக்கா, நான் முழுகாமல் இருக்கிறேன், அதுதான் அவர் மொட்டை போடவில்லை, அதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர், அதுதான் பாட்டில் என்று நாலு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி, பத்தாம் நாள் இதுவும் கலைந்துபோனால்? முழுங்கிவிட்டேன். அந்த அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையோ முழுங்கியது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் போலீஸ் வந்தது. கடுதாசி வந்திருக்கிறதாம், கையெழுத்து இல்லாமல். மொட்டை போடாதவருக்கு மொட்டைக் கடுதாசி வந்தது என்று பின்னாளில் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. ஏட்டு வீட்டைப் புரட்டினார். அரிசிப் பானைக்குள்ளிருந்து டானிக் பாட்டில் வந்தது. அதோடு டாக்டரம்மா இங்கிலீஷில் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு. ஏட்டு அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். அவரால் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை.

"இது என்னய்யா, ரகசிய எழுத்தா? மருந்துன்னா அதை ஏன் அரிசிக்குள்ள வச்ச?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் இல்லை என்று தலையை அசைத்தேன். ஆமாம், நான்தான் அசைத்தேன். வாசலில் தெருவே நின்றது. அத்தனை கண்ணுக்கு முன்னால் என் வயிற்றைக் காட்ட எனக்குப் பயமாக இருந்தது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் அவரை விட்டுக்கொடுத்து வயிற்றைக் காப்பாற்றிக்கொண்டேன். இதை எந்தச் சாமியிடமும் நான் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டதில்லை.

அன்று முழுக்க வாசற்கதவை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கடுதாசி எழுதியது யார்? மேஸ்திரியா, நாவிதரா, குழாயடியில் ஒதுங்கியவளா? எதிர்வீட்டு அக்காவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் எழுதச் சொல்லத் தெரியுமே. ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். ஒரு வீடும் தப்பவில்லை. மத்தியானம் அந்த அக்கா கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பசி உயிர் போனது. அதில் என்ன கலந்திருக்கிறதோ என்று சாக்கடையில் கொட்டினேன். கொட்டிவிட்டு, நான் இப்படி ஆகிவிட்டேனே என்று அழுதேன்.

மறுநாள் காலை ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். குலுங்கினால் குலுங்கட்டும். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வெள்ளைச் சேலை, கட்டையான உருவம், சாயங்கால ஜெபத்தில் பாடிப் பாடி உரம் ஏறிய குரல். முதலில் என்னைத் திட்டினாள். "ஏம்மா, தலைமுடிக்கும் வயித்துப் பிள்ளைக்கும் என்னம்மா சம்பந்தம்? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினாள். ஆஸ்பத்திரி நோட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னோடு நடந்தாள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேறு ஆட்களைப் பார்க்க வந்த கூட்டம். எங்கள் மில் ஆட்களும் நாலைந்து பேர் நின்றார்கள். உள்ளே போய் மெதுவாகச் சொல்லலாம் என்று நான் கெஞ்சினேன். நர்ஸம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. "இந்தப் பிள்ளைக்கு மூணு கலைஞ்சுபோச்சு. இப்ப நாலாவது. மூணாம் மாசம். மாசமா இருந்தா புருசன் சிரைக்கக் கூடாதுன்னு இந்த முட்டாள் ஜனங்க நம்புதாங்க. அதுக்காகத்தான் அந்த ஆளு மொட்டை போடல. இந்தச் சீட்டு எங்க டாக்டர் எழுதினது. நீங்க படிக்க முடியலன்னா நான் படிக்கேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். ஏழு வருஷம் மூடிவைத்தது ஒரு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது.

அதிகாரி என் வயிற்றைப் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. "இப்ப விடுதேன். வாரா வாரம் வந்து கையெழுத்துப் போடணும். இன்னும் ரெண்டு மாசத்துல வயிறு தெரியும்ல? அப்பப் பாத்துக்கிடுவோம்" என்றார்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். முடி காதை மூடியிருந்தது. தாடிக்குள் முகம் சின்னதாகிவிட்டது. "சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். கோபமில்லை; பயம்தான்.

விஷயம் எங்களுக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. இனிமேல் சரியாகிவிடும் என்று நினைத்தேன். யாரும் நம்பவில்லை! "போலீசு பிடிச்சதும் வயித்துல பிள்ளை வந்துட்டாக்கும்" என்று குழாயடியில் என் காதுபடவே சொன்னாள் ஒருத்தி. "ஏழு வருசமா வராதது" என்றாள் இன்னொருத்தி. அன்றிலிருந்து என் வயிறு எனக்குச் சொந்தமில்லாமல் போனது. அது என் புருஷனுடைய சாட்சி. நான் குனிந்து குடம் தூக்கினால் இருபது ஜோடிக் கண்கள் முந்தானைக்குள் தேடின. வாந்தி எடுத்தால் நடிப்பு. எடுக்காவிட்டால், அதுதான் பார்த்தீர்களா. ஐந்தாம் மாதம் மேடு தட்டியபோது, துணியை மடித்துக் கட்டியிருக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. எதிர்வீட்டு அக்கா பிரியமாகப் பேசுவதுபோல் பக்கத்தில் வந்து சட்டென்று வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

என் பயம் எல்லாம் வேறு. முன்பெல்லாம் பிள்ளை கலைந்தால் பிள்ளை மட்டும் போகும். இந்தத் தடவை கலைந்தால், பார்த்தாயா, பிள்ளையே இல்லை, சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். அவரையும் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டு உயிரை ஒரே வயிற்றில் சுமந்தேன். அவர் வாரா வாரம் போய்க் கையெழுத்துப் போட்டார். தெருவில் மற்றவர்களுக்கு முடி வளர்ந்து, வகிடு எடுத்துச் சீவத் தொடங்கியிருந்தார்கள். மேஸ்திரியின் மீசை பழையபடி முறுக்கிக்கொண்டது. கிழவரின் படத்தில் மாலை காய்ந்து சருகாகி, அதை எடுத்துப் போடக்கூட ஆள் இல்லை. எங்கள்மேல் இருந்த சந்தேகத்தை மட்டும் மறக்காமல் வைத்திருந்தார்கள்.

ஆடி மாதக் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் எடை குறைவு, மற்றபடி குறையில்லை. எனக்குத்தான் மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் நினைவு தப்பித் தப்பி வந்தது. பிழைப்பேனா என்று டாக்டரம்மாவே உறுதி சொல்லவில்லையாம். எங்கள் தெருவுக்கும் அந்தச் சேதி போயிருந்தது. ஒருவரும் வந்து பார்க்கவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் என்னை அங்கேயே வைத்திருந்தார்கள்.

பதினேழாம் நாள் காலை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தேன். அவர் விடியும்போதே குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், நெடுநேரமாகியும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெளித் தாழ்வாரத்தில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. பிரசவ ஆஸ்பத்திரியில் அது புதிதில்லை. யாரோ பாவம் போய்விட்டாள் என்று குழந்தையை இறுக்கிக்கொண்டேன். சத்தம் எங்கள் வார்டுப் பக்கமே வந்தது. குரல் எனக்குத் தெரிந்த குரல்.

"ஏ எந் தங்கச்சி... மூணைப் பறிகுடுத்து ஒண்ணைப் பெத்து, அத மடியில வச்சுக் கொஞ்சக் குடுத்துவைக்காமப் போயிட்டியே... எம் புருசனக் காப்பாத்த ஒம் புருசனக் காட்டிக் குடுத்த பாவி உசுரோட நிக்கேனே... கம்பு சுத்தப் போனது அவிய, கடுதாசி எழுதச் சொன்னது நானு, சாவு ஒனக்கா வரணும்... ஒன் வயித்தச் சோதிச்ச கை அழுகாதா..."

எனக்கான ஒப்பாரியை நானே கேட்டேன். செத்தவளிடம் மறைக்க ஒன்றுமில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உயிரோடு இருந்தபோது சொல்ல முடியாததை எல்லாம் பிணத்தின் முன்னால் சொல்லி, அழுது, கரைத்துவிட்டுப் போவார்கள். எதிர்வீட்டு அக்கா தலைவிரி கோலமாக வாசலில் வந்து நின்றாள். மாரில் அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. நான் அவளைப் பார்த்தேன். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா ஓடிவந்து, "ஏம்மா, யாருக்கம்மா அழுத? இங்க யாரும் சாகல!" என்று அதட்டினாள்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். வார்த்தை திக்கித் திக்கி வந்தது. காலையில் அவளுடைய வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு ஜோலியாக வந்திருக்கிறார். திருமுக்குளத்துப் படிக்கட்டில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். தலை மொட்டை, மீசையும் இல்லை. ஈர வேட்டியோடு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தாராம். ஆஸ்பத்திரியில் கிடந்தவள் செத்துவிட்டாள் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? கிட்டப் போய் என்னவென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆறு மாதமாக இவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லையே. அடுத்த ரயிலில் திரும்பிப் போய்த் தெருவில் சொல்லியிருக்கிறார்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவரே வந்துவிட்டார். ஒன்பது மாத முடியும் தாடியும் போன தலை வெயிலில் மினுங்கியது. அப்பா சாவுக்குப் பிறகு அவர் முகத்தை முழுதாக அன்றுதான் பார்த்தேன். இரண்டு காதும் நன்றாகத் தெரிந்தன. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அக்காவுக்கு விளங்கவில்லை.

"யாருக்குத் தம்பி மொட்டை?" என்று கேட்டாள்.

"அவியளுக்குத்தான்க்கா. தையில செத்தாவள்லா. அப்பப் போட முடியல. தீட்டுக் கழிஞ்சிட்டு, அதான்" என்றார். கடை அடைத்திருந்தது, அதனால் இன்று போய் வாங்கினேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். நெடுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். ஒப்பாரியில் சொன்னதை நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். கடுதாசி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கடைசி வரை நான் சொல்லவும் இல்லை. நான் குழந்தையைக் கொடுக்கவில்லை. மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா கேக்காவல்ல, குடேன்" என்று சொல்லி, அவரே குனிந்து என் மடியிலிருந்து குழந்தையை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதை முகத்தோடு ஒட்டிக்கொண்டாள். என்னென்னவோ சொல்லிக் கொஞ்சினாள். அவர் மொட்டைத் தலையைத் தடவியபடி சிரித்துக்கொண்டு நின்றார். குழந்தை திரும்ப என் மடிக்கு வருகிறவரை நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.